தீவின் கடலில் கிணறு, மேடையில் யார்?

அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில், 295 மீட்டர் ஆழக் கடலில், ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பதாக 2025 செப்டம்பர் 26 அன்று மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி அறிவித்தார். மாதிரியைக் கப்பலில் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில் 87 சதவீதம் மீத்தேன். எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் கட்டுப்படியாகுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

அன்று முதல் தீவுகளில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. கப்பலில் வரும் டீசலை எரித்துத்தான் இங்கே பெரும்பங்கு மின்சாரம். வாயு கிடைத்தால் விடிவுகாலம் என்கிறார்கள் சிலர். பவளப்பாறைக்கும் கடற்பசுவுக்கும் மீன்பாட்டுக்கும் என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரு தரப்பும் கைகோக்கக்கூடிய ஓரிடமும் இருக்கிறது: அந்தத் துளைமேடையில் தீவுப் பிள்ளைகள் நிற்க வேண்டும். மூட்டை தூக்கவும் சமையல் பார்க்கவும் மட்டுமல்ல, ஆபத்து என்றால் வேலையை நிறுத்தச் சொல்லும் பொறியாளராகவும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? கிணறு தோண்டும்போது துளைக்குழாய் வழியாகக் கனமான சேற்றுக் குழம்பை உள்ளே செலுத்துவார்கள். அது சுற்றி மேலேறித் தொட்டிக்குத் திரும்பும். கீழே உள்ள வாயுவை அடக்கி வைப்பது அந்தக் குழம்பின் எடைதான். செலுத்தியதைவிடத் திரும்புவது கூடினால், தொட்டியின் மட்டம் ஏறினால், வாயு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கிணற்று வாயை அடைத்தாக வேண்டும். ஒரு தொட்டியின் மட்டத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பவரின் கையில்தான் ஒரு கடற்கரையே இருக்கிறது.

அந்தக் கட்டுப்பாடு தவறினால் என்ன நடக்கும் என்பதை அசாமின் பாக்ஜான் மக்களைக் கேட்க வேண்டும். 2020 மே 27 அன்று அங்கே இதே ஆயில் இந்தியாவின் கிணறு கட்டுமீறி வாயுவைக் கக்கியது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். நவம்பரில்தான் தீ முழுமையாக அடங்கியது. சொந்த ஊர்க் கடல் என்ற பதைப்பு உள்ளவர் மேடையில் இருந்தால் விபத்தே வராது என்று சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அவர் கரை திரும்பமாட்டார்.

தீவுப் பிள்ளைகள் அந்த மேடையில் ஏற வழி இருக்கிறது. தன்பாத் ஐஐடி, உத்தரப் பிரதேசத்து ஜாயிஸில் உள்ள ராஜீவ் காந்தி பெட்ரோலியத் தொழில்நுட்ப நிறுவனம், விசாகப்பட்டினத்தின் இந்தியப் பெட்ரோலியம் மற்றும் எரிசக்தி நிறுவனம் மூன்றிலும் பெட்ரோலியப் பொறியியல் படிக்கலாம். மூன்றுக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும். நிக்கோபாரின் கமோர்ட்டாவிலும் காம்ப்பெல் பேயிலும் உள்ள பிள்ளைக்கு அந்தத் தேர்வுக்கான பயிற்சி எங்கே கிடைக்கும்? தீவு நிர்வாகம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பஹர்காவில் உள்ள டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் கடல்சார் துளையிடல், கிணற்றுப் பாதுகாப்பு குறித்த டிப்ளமோ படிப்புகளைக் கொண்டுவர வேண்டும். ஆயில் இந்தியா நிறுவனம் ஆண்டுதோறும் தீவு மாணவர்களுக்குப் பயிற்சி இடங்களை எழுத்து மூலம் ஒதுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இது நிலையான சம்பளம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பும் வேலை அல்ல. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. உலகெங்கும் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 2070-க்குள் நிகரக் கார்பன் உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவதாக நம் நாடும் உறுதியளித்திருக்கிறது. ஆகவே பெட்ரோலியம் ஒன்றையே நம்பாமல், இயந்திரவியலோ வேதிப் பொறியியலோ இளநிலையில் படித்து, முதுநிலையில் இத்துறைக்கு வருவது பாதுகாப்பான வழி என்பது எம் கருத்து. பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள்.

கண்டுபிடித்த வாயு அடுப்புக்கு வந்து சேர்வதானால் சில ஆண்டுகள் ஆகும். பதினோராம் வகுப்புப் பிள்ளை பொறியாளராகவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகும். ஆசிரியர்களே, பஞ்சாயத்துத் தலைவர்களே, பழங்குடி மன்றத்துப் பெரியோரே, நிர்வாகத்திடமும் நிறுவனத்திடமும் இந்த ஆண்டே சேர்ந்து போய் இவற்றைக் கேளுங்கள்.