யோசித்து ஆடும் சண்டை



ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் சண்டை ஒருவர் பின் ஒருவராக, முறை வைத்து நடக்க வேண்டுமா? இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் மோதும் ரியல் டைம்தான் நல்லதா? இதைப் பற்றி நீங்கள் எழுதும் கடிதங்களை ஆசையாகப் படிக்கிறேன். முறை வைத்து ஆடும் டர்ன் பேஸ்டு என்றாலே பழங்காலத்து வழக்கம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரியல் டைமின் கவர்ச்சி எனக்கும் தெரியும். 1990களில் டையாப்லோ உருவானபோது அது டர்ன் பேஸ்டு ஆட்டம்தான். அதை ரியல் டைமுக்கு மாற்றச் சொன்னபோது அதன் நிரலாளர் டேவிட் பிரெவிக்குக்கு முதலில் மனமில்லை. பிறகு உட்கார்ந்து சில மணி நேரத்தில் மாற்றினார். மவுஸைச் சொடுக்கியதும் வீரன் நடந்துபோய் எலும்புக்கூட்டை நொறுக்கினான். அந்தக் கணத்தின் பரவசத்தைப் பல வருடம் கழித்தும் அவர் மேடையில் விவரித்தார். ஆனால் டையாப்லோவில் நம் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு ஆள். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது என்ன செய்வது?

1998இல் வந்த பால்டர்ஸ் கேட் அதற்கு ஒரு வழி கண்டது. சண்டை ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அப்படியே நிற்கும். பார்வைக்கு ரியல் டைம். உள்ளே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டின் விதிகள் ஆறு விநாடிச் சுற்றுகளாக ஓடிக்கொண்டிருந்தன. கடினமான சண்டைகளை நாங்கள் தட்டித் தட்டி நிறுத்தித்தான் ஜெயித்தோம். மந்திரவாதி வீசும் தீக்குண்டு நம் ஆட்களையே எரித்துவிடுமோ என்று பார்த்ததெல்லாம் நிறுத்திவைத்த அந்த நேரத்தில்தான்.

பால்டர்ஸ் கேட்டின் மூன்றாம் பாகத்தைச் செய்த பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் துணிந்து முழு டர்ன் பேஸ்டுக்குப் போனது. பழைய ரசிகர்கள் சிலருக்கு வருத்தம். 2023இல் வெளிவந்த அந்த ஆட்டம், தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது. எதிரியைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிடலாம். தரையில் பரவிய எண்ணெய்ப் பசையில் தீ வைக்கலாம். இதெல்லாம் மனதில் உதிக்க அவகாசம் வேண்டும், அதை ஆட்டமே கொடுக்கிறது. எதிரிகள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் நம் முறை வர நேரமாகும் என்பது உண்மைதான். இருந்தாலும் விரலில் வேகம் இல்லாதவர்கள், கை நடுங்குபவர்கள், மடியில் குழந்தையோடு உட்காருபவர்கள் எல்லோரும் இதில் குறையின்றி ஆடலாம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

நீங்கள் யோசித்து யோசித்து ஜெயித்த ஒரு சண்டையைப் பற்றி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்