பத்து வருஷம் கழித்து ஒரு கவர்

கோர்ட் தீர்ப்புக்கும் மருந்து பாட்டில் மாதிரி எக்ஸ்பயரி தேதி உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில், 'இவ்வளவு பணம் கட்டு' என்று சொல்லும் சிவில் தீர்ப்புக்கு ஆயுசு 10 வருஷம். அதற்குள் வசூல் ஆகவில்லையா, அந்தத் தீர்ப்பில் பக்கோடா மடிக்கலாம்.

கடன் கொடுத்தவர் அப்படி விடுவாரா? கெடு முடியும் முன்பே ஒரு படிவம் எழுதிக் கொடுத்து, கட்டணத்தைக் கட்டி, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி தீர்ப்பைப் புதுப்பித்துவிடுவார். ஜட்ஜ் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். கோர்ட் குமாஸ்தா பதிவு செய்தால் போதும். இன்னொரு 10 வருஷம் ஓடும்.

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். தீர்ப்புத் தொகை 10,000 டாலர். வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம், தனி வட்டிதான். பத்து வருஷத்தில் 20,000. புதுப்பித்த அன்று அந்த வட்டியும் அசலாகிவிடும். அடுத்த பத்தில் 40,000! தனி வட்டி வேஷத்தில் கூட்டு வட்டி கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது, பார்த்தீர்களா? 2023 முதல் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். 50,000 டாலருக்குக் குறைந்த சொந்தக் கடன், 2 லட்சத்துக்குக் குறைந்த மருத்துவக் கடன் என்றால் வட்டி 5 சதவீதம்; ஒரே ஒரு தடவை, 5 வருஷத்துக்கு மட்டும் புதுப்பிக்கலாம்.

'வாங்கினான், கட்டட்டுமே சார்' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் கேஸ் நடந்ததே தெரியாத ஆசாமியும் இருக்கிறானே! சம்மன் கொடுக்க வேண்டியவர் பழைய விலாசத்தில் கொடுத்திருப்பார். அல்லது கொடுக்காமலே 'கொடுத்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பார். அமெரிக்காவில் இதற்குச் 'சாக்கடை சார்வு' என்றே பெயர். சம்மன் போய்ச் சேர்வது சாக்கடைக்கு. இந்த மனுஷன் ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. பத்து வருஷம் கழித்து ஒரு கவர் வரும்: 'உங்கள் மீதான தீர்ப்பு புதுப்பிக்கப்பட்டது.' அடுத்து சம்பளத்தில் கை வைப்பார்கள், பிடித்தம் போக மிஞ்சுவதில் 20 சதவீதம் வரை.

'எனக்கு நோட்டீஸே வரலை' என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை உடைக்கும் வழக்கமான மனுவுக்கு, தீர்ப்பிலிருந்து அதிகபட்சம் 2 வருஷம்தான் கெடு. அந்தக் கதவு எப்போதோ சாத்தியாச்சு. ஆனால் புதுப்பித்ததாக நோட்டீஸ் கொடுக்காமல் கடன்காரர் வசூலில் இறங்க முடியாது. அந்த நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள், புதுப்பித்ததை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் மனுப் போடலாம். (2023க்கு முன்பு 30 நாள்தான்.) தொகை தப்பு, கட்டியதைக் கழிக்கவில்லை என்று சொல்லலாம். முதல் சம்மனே வரவில்லை என்றும் இதில் வாதாடலாம் என்று 2001-ல் அந்த மாகாண அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. ஆக, தீர்ப்புக்கு உயிர் கொடுக்கப் போட்ட காகிதமே அதற்கு உலை வைக்கிறது! புதுப்பித்தல் ரத்தாகி, பழைய 10 வருஷமும் முடிந்திருந்தால் வசூலிக்க அங்கே ஒன்றுமில்லை.

ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். பதிவு பெற்ற சம்மன் ஆள் எழுதிக் கொடுத்ததை உண்மை என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். 'சத்தியமா வரலைங்க' என்றால் போதாது. அந்தத் தேதியில் வேறு ஊரில் குடியிருந்ததற்கு வாடகை ஒப்பந்தம், சம்பள ரசீது, கரன்ட் பில் என்று எதையாவது காட்ட வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய கரன்ட் பில்லை எவன்யா வைத்திருக்கிறான்? என் வீட்டில் போன மாச பில்லே கிடைக்காது. அதோடு, கடன் நியாயமா அநியாயமா என்ற பழைய சண்டையை இந்த மனுவில் மறுபடி ஆரம்பிக்கவும் முடியாது.

அந்த 60 நாள் கணக்கு நீங்கள் கவரைப் பிரித்த நாளிலிருந்து ஓடுவதில்லை. நோட்டீஸைச் சாதாரணத் தபாலில் அனுப்பினாலே அங்கே சார்வுதான்.