சக்தியைக் கூட்டாதீங்க, சாமி!

ஆலங்குடி பக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்களே, அதில் ஒருவர். ஊர்ப் பெருசுகள் முகத்தைச் சுளித்ததையும், வாடகை சைக்கிளில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டதையும் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

போன முறை போனபோது சைக்கிள் திண்ணையோரம் தூசி படிந்து கிடந்தது.

"பிரேக்கைப் புடிக்க முடியல தம்பி. விரலு மடங்க மாட்டேங்குது."

காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை விறகுக்கட்டை மாதிரி இருக்கிறதாம். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் ஒரே மாதிரி வீக்கம். முன்பெல்லாம் கீரமங்கலம் பூவை வாங்கி முழம் முழமாகக் கட்டி விற்பவர். இப்போது நாரை முடிச்சுப் போட வரவில்லை. எவ்வளவு நாளா என்றேன். மூணு வருஷமா என்றார். என்ன மருந்து என்றேன். இரண்டு சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று, பெயரே இல்லாத பொட்டலத்தில் பொடி. மற்றது, டி.வி. விளம்பரம் பார்த்து போன் போட்டு வரவழைத்த பாட்டில். லேபிளில் கொட்டை எழுத்தில், 'நோய் எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு பெருக்கும்!'

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பாட்டிலைத் திண்ணையிலேயே போட்டு உடைத்திருப்பேன். அக்காவுக்கு வந்திருப்பது முடக்குவாதம். எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த வியாதி அல்ல அது. எதிர்ப்பு சக்தியே எதிரியாக மாறியதால் வந்த வியாதி. எரிகிற வீட்டுக்கு ஒரு டின் மண்ணெண்ணெய் அனுப்பி, அதற்கு ரெண்டாயிரம் ரூபாய் வசூலும் செய்திருக்கிறான் ஒருத்தன்.

எதிர்ப்பு சக்தி என்றால் சம்பளம் மாதிரி, கூடக் கூட நல்லது என்று நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பிஸ்கட்டில் சக்தி, டீத்தூளில் சக்தி. உண்மையில் அது ரத்த அழுத்தம் மாதிரி. குறைந்தாலும் ஆபத்து, எகிறினாலும் ஆபத்து. அதைவிட முக்கியம், அது யாரை அடிக்கிறது என்பது.

அந்த ஆளை அடையாளம் காட்டுகிற வேலையில் பெரும்பங்கு டி செல்களுக்கு. ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சின்னச் சுரப்பியில் தேறி வருவதால் அந்தப் பெயர். அந்தச் சுரப்பி எதற்கு என்பதே 1961ல் ஜாக் மில்லர் எலிகளை வைத்துக் காட்டும்வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அங்கே நடப்பது கடுமையான பரீட்சை. சொந்த உடம்பை அந்நியன் என்று நினைக்கிற செல்லுக்கு அங்கேயே மரண தண்டனை. ஆனால் எந்தப் பரீட்சையில்தான் காப்பி அடித்துத் தேறுகிறவன் இல்லை? சிலது தப்பித்து வெளியே வந்துவிடும். அப்படி வருகிறவற்றை அடக்கிவைக்க இன்னொரு வகை டி செல்கள் இருக்கின்றன. இந்த அடக்கும் டி செல்களை 1995ல் அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. அமெரிக்காவின் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு சேர்த்து 2025ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள். உலகத்தின் பெரிய பரிசு, எதிர்ப்பைக் கூட்டுகிற செல்லுக்கு அல்ல, அடக்குகிற செல்லுக்குப் போயிருக்கிறது. நம் டி.வி. விளம்பரக்காரர்கள் காதில் இது விழவில்லை போலிருக்கிறது.

முடக்குவாதத்தில் என்ன ஆகிறது? பரம்பரையில் சிலருக்கு ஒரு வாகு இருக்கிறது. அதன் மேல் பீடி, சிகரெட் புகையும் சேர்ந்தால் உடம்பின் சில புரதங்கள் லேசாக உருமாறி, டி செல்லின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரிகின்றன. டி செல் தானே எல்லாவற்றையும் அடிப்பதில்லை. ஊர்ப் பெரிய மனுஷன் மாதிரி மற்றவர்களை ஏவிவிடும். அது உசுப்ப, பி செல்கள் சொந்த உடம்புக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கின்றன. கை வீங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே இது ரத்தத்தில் தென்படலாம். மூட்டுக்குள்ளேயும் டி செல்கள் கூட்டம் போட்டு, வேறு செல்களைக் கிளப்பிவிட்டு அழற்சி ரசாயனங்களைக் கொட்டவைக்கின்றன. மூட்டுச் சவ்வு தடிக்கிறது. கடைசியில் எலும்பே அரிக்கப்படுகிறது.

இந்த சகாகுச்சி குழுவே 2003ல் ஒரு எலி வகையைப் பற்றி எழுதியது. டி செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு மூலக்கூறில் பிழை. அதனால் தைமஸ் பரீட்சையில் ஃபெயிலாக வேண்டியவையெல்லாம் பாஸ். எலிக்கு அச்சு அசலாக முடக்குவாதம். அதன் சிடி4 டி செல்களை மட்டும் எடுத்து, டி செல்லே இல்லாத இன்னொரு எலிக்கு ஏற்றினால் அதற்கும் முடக்கம். (சிடி4 என்றால் எய்ட்ஸ் பிரசாரத்தில் 'சிடி4 கவுன்ட்' என்று கேட்டிருப்பீர்களே, அதேதான்.)

இதோடு நிற்கவில்லை. அதே எலியைக் கிருமி குறைந்த சுத்தமான கூண்டில் வைத்தால் வியாதி வரவில்லை. ஆனால் பூஞ்சையில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற பொருளை ஊசியில் ஏற்றியதும் மூட்டு வீங்கிவிட்டது. 2005ல் வெளியான ஆய்வு இது. பீட்டா குளுக்கன் கடையில் என்ன பெயரில் விற்கிறது தெரியுமா? 'இம்யூனிட்டி பூஸ்டர்!' உடனே காளான் பிரியாணி சாப்பிட்டால் கை முடங்கும் என்று கிளப்பிவிடாதீர்கள். எலி வேறு, மனுஷன் வேறு; ஊசி வேறு, சாப்பாடு வேறு. ஆனால் தூங்குகிற புலியை 'பூஸ்ட்' பண்ணலாமா என்று கேட்க எனக்கு இது போதும்.

அந்தப் பொடி விஷயத்துக்கு வருகிறேன். "அது தின்னா மூணே நாள்ல வலி பறந்துரும் தம்பி" என்றார் அக்கா. பறக்கும். பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. 1948ல் அமெரிக்க டாக்டர் பிலிப் ஹென்ச் முடங்கிக் கிடந்த பெண்ணுக்குக் கார்டிசோன் போட்டு எழுந்து நடக்கவைத்தார். 1950ல் நோபல் பரிசும் வாங்கினார். முகம் உப்பி, எலும்பு மெலிந்து, சர்க்கரை ஏறுவது பிறகுதான் புரிந்தது. அளவு தெரிந்த டாக்டர் கையில் அது மருந்து, அளவு தெரியாத பொட்டலத்தில் விஷம். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். உங்கள் பெயரைக் கெடுக்கிறவனைத்தான் திட்டுகிறேன்.

சரி, மருந்தே இல்லையா? இருக்கிறது. அதுவும் நம்மூர் சம்பந்தத்தோடு. பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்கார பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு அனுப்பப்பட்டவர். அமெரிக்கா போன அவரது ஆய்வுக் குழு 1940களில் உருவாக்கிய புற்றுநோய் மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே நாள் கொடுத்தால் மூட்டில் கொதிக்கிற இந்தக் கூட்டத்தை அடக்குகிறது. உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதலில் யோசிக்கிற மருந்து அதுதான். வாரத்துக்கு ஒரு டீ, வடைச் செலவு. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது, ரத்தப் பரிசோதனை அவசியம். அதனால் டாக்டர் இல்லாமல் தொடக்கூடாது. டி செல்லின் உசுப்பலையே குறிவைத்துத் தடுக்கிற அபாடசெப்ட் 2005ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது அக்காவின் பர்ஸுக்கு எட்டாது. எட்டுகிற மருந்தே எட்டாமல் போனதுதான் என் ஆத்திரம்.

ஏன் எட்டவில்லை? "வயசானா வர்றதுதான்", "வாயு", "குளத்துத் தண்ணில நின்னது". எல்லோரும் சொன்னது இதைத்தான். போன இடத்தில் பார்த்த டாக்டரும் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். இந்தியாவில் நடந்த கணக்கெடுப்புகளில் பெரியவர்கள் ஆயிரம் பேரில் 5 முதல் 7 பேருக்கு இந்த நோய் தெரிந்தது. 2011 கணக்கில் 16 லட்சம் பேர் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அது சில ஆயிரம் கைகள். அதிலும் பெண்கள் இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆம்பளைகளுக்கு அதிகம் வருகிற வியாதியாக இருந்தால் இவ்வளவு நாள் 'வாயு' என்று விட்டிருப்போமா?

முதல் சில மாதங்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் விரல் கோணாமல் காப்பாற்ற நிறைய வாய்ப்பு உண்டு. 2017லேயே புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று. 2021ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். நல்ல காரியம். வீட்டு வாசலுக்கு வருகிற நர்சம்மா, அந்தப் பெண்ணின் விரல் கணுக்களையும் லேசாக அழுத்திப் பார்த்தால் என்ன? காலையில் கை எவ்வளவு நேரம் விறைத்திருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். வலித்தால் ஒரு சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். சைக்கிள் கற்றுக்கொடுக்க ஆள் அனுப்பிய மாவட்டம் இது. இதற்கு முடியாதா?

அக்கா இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. மறக்காமலிருக்க ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

"கோணின விரலு நிமிராதாம் தம்பி. மத்தது நிக்குமாம்" என்றார் போனில்.

அந்த பாட்டிலை என்னக்கா செய்தீங்க என்று கேட்டேன்.

"இருக்கு. ரெண்டாயிரம் ரூவால்ல, தூக்கிப் போட மனசு வரல."