இணையவழிப் பட்டப்படிப்பு: கணக்கிட்டுத் தேர்க

கைப்பேசியைத் திறந்தாலே உயர்கல்வி விளம்பரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ‘வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம்’, ‘வேலையை விட வேண்டியதில்லை’, ‘குறுகிய காலத்தில் பட்டம்’ என அவை அழைக்கின்றன. எஸ்.பி.எம். முடித்த கையோடு வேலைக்குச் சென்ற இளைஞருக்கும், குடும்பப் பொறுப்பால் படிப்பை நிறுத்திய தாய்க்கும் இவ்வழைப்பு நம்பிக்கை அளிப்பது இயல்பே. ஆயினும், சேருமுன் இரண்டு செய்திகளை அவர்கள் தாமே உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். ஒன்று, படிப்பின் அங்கீகாரம். மற்றொன்று, அதற்குத் தேவைப்படும் நேரம்.

இணையவழிக் கல்வி என்றாலே தரம் குறைந்தது என்னும் எண்ணம் தவறானது. 2000ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பினாங்கில் அமைந்துள்ள வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிப்போருக்குக் கைகொடுத்து வருகின்றன. பட்டத்தின் மதிப்பு அது வகுப்பறையில் பெறப்பட்டதா, வீட்டிலிருந்து பெறப்பட்டதா என்பதைப் பொறுத்ததன்று. அதன் அங்கீகாரத்தைப் பொறுத்ததே.

மலேசியாவில் உயர்கல்வியின் தரத்தை உறுதிசெய்ய 2007ஆம் ஆண்டில் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதிகள் முகமை அமைக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற படிப்புகள் அதன் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. அப்பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்வையிடலாம். கல்லூரியின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. சேர விரும்பும் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு அங்கீகாரம் பெற்றிருக்க, மற்றொன்று பெறாமல் இருக்கலாம். பொறியியல் போன்ற துறைகளுக்குத் தொழில்முறை வாரியத்தின் ஏற்பும் தேவை. இவற்றைச் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

அடுத்து, நேரக் கணக்கு. மலேசியாவில் இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, வாசிப்பு, இடுபணி, தேர்வுக்கான ஆயத்தம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஆக, மொத்தம் 4,800 மணி நேரம். வேலை செய்யும் ஒருவர் வாரத்திற்கு 20 மணி நேரம் ஒதுக்கினாலும் 240 வாரங்கள், அதாவது நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பணி அனுபவத்தை முறையாக மதிப்பிட்டுச் சில பாடங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டால் இக்காலம் குறையலாம். ஆனால், யார் சேர்ந்தாலும் ஆறே மாதத்தில் பட்டம் என்று கூறும் விளம்பரத்தை எவ்வாறு நம்புவது?

வேலைக்குச் செல்வோருக்கு இவ்வளவு நேரம் ஏது எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதனால்தான், ஒரு பருவத்தில் எத்தனை பாடங்கள் எடுக்கலாம், படிப்பை இடையில் ஒத்திவைக்க முடியுமா, விரிவுரையாளரிடம் ஐயம் கேட்க வழியுண்டா, தேர்வுக்கு நேரில் செல்ல வேண்டுமா என்பவற்றை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். தெளிவாகப் பதிலளிக்கும் கல்லூரியையே நாட வேண்டும். கட்டணத்தை ஒப்பிடுவது இதற்குப் பின்னரே.

‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பர் மூத்தோர். வேலை முடிந்து, களைப்பை மறந்து, இரவில் கண்விழித்துப் படிப்பவரின் உழைப்பு பெரிது. அவ்வுழைப்பு செல்லாத தாளாக முடிந்துவிடக் கூடாது. எனவே, விளம்பரத்தின் கவர்ச்சியை ஒதுக்கிவிட்டு, பதிவேட்டையும் கடிகாரத்தையும் பார்த்து முடிவெடுப்பதே அறிவுடைமையாகும்.