எலி கடித்த ஒயரும் 38,000 ரூபாய் கம்ப்யூட்டரும்



சென்ற மாசியில் நமது சிறு சரக்கு வண்டி தருமபுரியிலிருந்து புளி ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்குப் போனது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என்ஜின் திடீரென்று நின்றுவிட்டது. என்ஜின் நின்றால், நாலைந்து மிதியிலேயே பிரேக் கல்லாக இறுகிவிடும். டிரைவர் தம்பி நிதானமானவர்; கியரிலேயே அடக்கி ஓரம் கட்டினார். அந்த இறக்கத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் போன இடத்தில், "கம்ப்யூட்டர் போயிடுச்சுங்க முதலாளி, புதுசு 38,000 ஆகும்" என்றார்கள். சோதனை எதுவும் செய்யவில்லை. நமக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தோம். அவர் ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள 16 முள் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினார். பி0335 என்று காட்டியது. கிராங்க் சுற்றுவதைச் சொல்லும் சென்சாரின் தகவல் சரியாக வரவில்லை என்று அதற்குப் பொருளாம். ஒயரைத் தடவிக்கொண்டே போனவர், எலி கடித்த இடத்தைக் காட்டினார். குடோனுக்குள்தானே வண்டியை நிறுத்துகிறோம்! எலி பருப்பு மூட்டையோடு நின்றுவிடும் என்று நினைத்தது நம் தவறு. 900 ரூபாயில் வேலை முடிந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின், டீசலோ பெட்ரோலோ, புது சரக்கு வண்டி எதிலும் இ.சி.எம். என்ற இந்தப் பெட்டி இருக்கிறது. சென்சார்கள் சொல்வதை வைத்து, எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் என்று தீர்மானிப்பது அதுதான். அது காட்டும் எண் ஒரு புகார், அவ்வளவே. சில்லறைக் கடைக்காரர் 'சரக்கு வரவில்லை' என்று போன் செய்கிறார். லாரி பழுதா, நாமே ஏற்றவில்லையா என்பதை விசாரித்தால்தானே தெரியும்?

விசாரணையைப் பேட்டரியில் தொடங்க வேண்டும். நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டும். பிறகு எர்த் ஒயர், பியூஸ், வாட்டர் சர்வீஸில் தண்ணீர் புகுந்த இணைப்புகள். பி0606 போன்ற எண்கள் பெட்டியையே குறிக்கும். அப்போதும் மின்சாரமும் எர்த்தும் சரியா என்று பார்த்தபிறகே கை வைக்க வேண்டும். விளக்கை அணைக்கப் பேட்டரியை முதலிலேயே கழற்றாதீர்கள். பல வண்டிகளில் பதிவான எண் அழிந்து, தடயமே போய்விடும். மலிவாகக் கிடைக்கும் பழைய பெட்டியும் வேண்டாம். சாவியின் ரகசியக் குறியீடு பொருந்தாவிட்டால் வண்டி கிளம்பாது.

பழைய பம்ப் வண்டியே மேல் என்று புலம்பும் நண்பர்களோடு நாம் உடன்படவில்லை. அந்த வண்டி தன் நோயை வாய் திறந்து சொன்னதே இல்லை.

பெட்டியை மாற்றச் சொல்பவரிடம், வந்த எண்ணையும் செய்த சோதனைகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் வண்டியை அங்கே விடாதீர்கள். சங்கமே ஒரு ஸ்கேனர் வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்து, உறுப்பினர்களுக்குச் சிறு கட்டணத்தில் பார்த்துத் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.