லைன் வரை வராத பாடம்

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் கோட் போட்ட பிசினஸ் கோச் ஒருவர் மைக் பிடிக்க, எதிரே பனியன் கம்பெனி முதலாளிகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பது திருப்பூரில் இப்போது சகஜம். "ஏனுங்க, இதையெல்லாம் படிச்சுட்டா நாங்க கம்பெனி ஆரம்பிச்சோம்?" என்பார்கள் பெரியவர்கள். நியாயம்தான். டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் தொடங்கி, டெய்லராகி, நாலு மிஷின் போட்டு முதலாளியானவர்கள் இங்கே ஏராளம். ஆய்வாளர் சரத் சாரி அதைப் பற்றி 2004-ல் தனிப் புத்தகமே எழுதினார்.

அதற்காக கோச்சிங்கை ஒதுக்கிவிடவும் முடியாது. 2008 வாக்கில் மும்பைப் பக்கத்து நெசவு ஆலைகளில் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமின் குழு ஒரு சோதனை நடத்தியது. ஆலோசகர்கள் ஐந்து மாதம் ஆலைக்குள்ளேயே இருந்தார்கள். நூல் ஸ்டாக்கை எழுதி வை, மிஷினைக் கெடுவதற்கு முன்பே பார், எந்தத் தறியில் என்ன டேமேஜ் என்று தினமும் குறி. சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறியது.

2017-ல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது புதிய பழக்கங்களில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தது. மேனேஜர்கள் மாறிவிட்டார்கள்; முதலாளிகளுக்கு நேரமில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஷிப்மென்ட் நெருங்கினால் முதலில் நிற்பது போர்டில் கணக்கு எழுதுவதுதான். பழகிய சூப்பர்வைசரோ தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்.

பெங்களூரு ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆலைகளில் நடந்த இன்னொரு ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அங்கே பயிற்சி தையல் பெண்களுக்கு: பேசப் பழகுவது, நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சினையைத் தீர்ப்பது. அவர்கள் உற்பத்தித் திறன் 13.5 சதவீதம் உயர்ந்தது. சம்பளம்? அரை சதவீதம்.

பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் தன் வேகத்தின் பலனைச் சனிக்கிழமை சம்பளத்திலேயே பார்த்துவிடுவார். ஷிப்ட் சம்பளக்காரருக்கு அந்த வழியில்லை. கூடுதலாக வந்த பீஸில் அவருக்கும் ஒரு பங்கு என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஹோட்டல் ஹாலுக்குக் கட்டும் பணத்தில் பாதியை லைன் சூப்பர்வைசரின் பயிற்சிக்கு ஒதுக்கலாம். தையல் பிசகிய ஆல்டர் பீஸைக் கத்தாமல் திருப்பிக் கொடுப்பதை அவர் பழகட்டும். ஒடிசாவிலிருந்து பெண்கள் வந்து தைக்கும் லைன் என்றால், பாடம் நடத்த ஒடியா தெரிந்த ஒருவரையும் கூட்டி வரலாம்.