கஷாயமும் கைகழுவலும்

நோய் எதிர்ப்பாற்றலை இயற்கையாகப் பெருக்கிக்கொள்வது எப்படி என்று தொடங்கும் பட்டியல் ஒன்று சில ஆண்டுகளாக என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது. மஞ்சள் பால், துளசி, இஞ்சி, மிளகு, சீந்தில், நெல்லிக்காய், அதிகாலையில் வெந்நீர், மூச்சுப்பயிற்சி. வரிசை மாறும், சரக்கு மாறாது. சென்ற வாரம் அது கருக்களாச்சேரியிலிருந்து வந்தது. அனுப்பியவர் என் அத்தை. காரைக்காலுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மீனவர் ஊர். இஞ்சியின் குணத்தை அத்தைக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும், "நீ படிச்சவன், இது சரிதானான்னு பாத்துச் சொல்லு ராசா" என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுத அமர்ந்தேன். எழுத எழுதச் சினம் வந்துவிட்டது. அதன் விளைவே இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கைமருந்துக்குப் பகைவன் அல்லன். தொண்டை கட்டினால் எனக்கும் மிளகு ரசம்தான் வேண்டும். மஞ்சளையும் மிளகையும் சேர்த்தே சமைத்த நம் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தில் ஒரு நுட்பமும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகில் உள்ள பைப்பரின் உடனிருந்தால் பல மடங்கு கூடுதலாகச் சேரும் என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் குருதியில் சேர்வது வேறு, நோயைத் தடுப்பது வேறு. முன்னதைச் சொல்லிப் பின்னதை விற்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

எதிர்ப்பாற்றல் என்பது கரண்டி கரண்டியாக ஊற்றிக் கூட்டிக்கொள்ளும் ஒற்றைப் பொருள் அன்று. பல்வகை அணுக்களும் புரதங்களும் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் நடத்தும் காவல் அது. காவல் மிகையானாலும் கேடுதான். கொரோனாவில் மூச்சுத்திணறி இறந்தோரில் பலரைச் சாய்த்தது கட்டுக்கடங்காமல் பொங்கிய அவர்களது சொந்த எதிர்ப்பாற்றலே. முடக்குவாதம் போன்ற நோய்களில் உடல் தன்னையே தாக்குகிறது. அங்கே மருத்துவர் கொடுப்பது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து. "பெருக்குங்கள், பெருக்குங்கள்" என்று கூவுகிறவர் எதைப் பெருக்கச் சொல்கிறார் என்று நாம் ஏன் கேட்பதில்லை?

2020 மார்ச் 31-ஆம் நாள் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் கலந்த பாலும், காலையில் 10 கிராம் சியவனப்பிராசமும் இருந்தன. அடுத்த மாதமே தமிழ்நாட்டரசு 'ஆரோக்கியம்' திட்டத்தின் கீழ்க் கபசுரக் குடிநீர் வழங்கத் தொடங்கியது. அதற்கு முன்னர், 2012-இல் டெங்கு பரவியபோது, நிலவேம்புக் குடிநீர். ஒன்பது சரக்கு அதில், பதினைந்து சரக்கு இதில். மருந்து கைவசம் இல்லாத நாளில் மக்களுக்கு ஏதாவது கொடுத்துத் தேற்றுவதை நான் பழிக்கவில்லை. கேள்வி வேறு. டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த நீர் தேங்கிய இடத்தில் முட்டையிடுகிறது. அந்த நீரை வடிக்கும் பொறுப்பு யாருடையது? கஷாயக் குவளையைக் கையில் வாங்கியவுடன் அந்தக் கேள்வி நம் வாயிலிருந்து நழுவிவிடுகிறது. நோய் வந்தால் இனி அது நம் குற்றம்: நாம் குடிக்கவில்லை, நமக்கு எதிர்ப்பாற்றல் போதவில்லை!

இது கற்பனை அன்று என்பதற்கு அத்தையின் மாவட்டமே சாட்சி. 2022 ஜூலை 3-ஆம் நாள் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கால் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். சிலருக்குக் காலரா உறுதியானது. பள்ளிகளை மூடினார்கள். மாங்கனித் திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்கூட முழுதாக இல்லை. காரணம் என்ன சொல்லப்பட்டது? குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தது. அவ்வளவுதான். விருந்தினருக்கு அமுது படைத்த அம்மையின் ஊரில், வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க அஞ்சும் நிலை. நலமாக இருப்பவரையும் காலரா சில மணி நேரத்தில் சாய்த்துவிடும். குழாயில் சாக்கடை வரும்போது காலையில் சியவனப்பிராசம் தின்றவனும் தின்னாதவனும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

அந்த நாட்களில் அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. இஞ்சிச்சாறு கொடுத்தார்களாம், ஓமம் கொடுத்தார்களாம். தண்ணீரை மட்டும் நிறுத்திவிட்டார்களாம், "குடிக்கக் குடிக்கப் போய்க்கிட்டே இருக்குமே" என்று. நல்லவேளையாக, அந்தத் தெருவில் ஒருத்தி சத்தம் போட்டு உப்பும் சர்க்கரையும் கரைத்துப் புகட்டியிருக்கிறாள். பிள்ளை பிழைத்தது.

உப்பும் சர்க்கரையும்! இதைவிடச் சிறந்த கைவைத்தியம் உலகில் உண்டா? 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரப் போன்காவ் முகாமில் அகதிகள் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. திலீப் மகலநபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு ஆகியவற்றை நீரில் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. காலரா கண்ட குடலிலும் சர்க்கரையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உப்பு உள்ளே போகிறது, அதன் பின்னே நீர் போகிறது. அதுதான் சூட்சுமம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காரைக்காலில் காலரா வந்த அதே 2022-இன் அக்டோபரில் அவர் காலமானார். எதிர்ப்பாற்றல் பட்டியல் எதிலும் இந்த நீர் இருந்து நான் பார்த்ததில்லை. இதற்குப் பழம்பெருமை இல்லை. புட்டியில் அடைத்து விற்க இலாபமும் இல்லை.

பட்டியலைப் பற்றி இன்னொரு குறை. "நம் பாட்டி சொன்னது" என்கிறார்களே, அது யாருடைய பாட்டி? கருக்களாச்சேரிப் பாட்டி பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுத் திருக்கைக் குழம்பு வைப்பாள். பால் சுரக்கப் பாற்சுறாவைப் புட்டாக உதிர்த்துக் கொடுப்பாள். நெத்திலியை முள்ளோடு தின்னச் சொல்வாள். புரதம், சுண்ணாம்புச்சத்து, அயோடின் எல்லாம் அதில் இருக்கின்றன. நோயை எதிர்க்கும் அணுக்களும் புரதத்தால்தானே ஆக வேண்டும்? ஆனால் பட்டியலில் மீன் இல்லை, கருவாடு இல்லை, முட்டைகூட இல்லை. 'இந்திய மரபு' என்று பெயர் சூட்டும்போது கடற்கரையின் அடுக்களை எப்படியோ விடுபட்டுப்போகிறது. வாடை பிடிக்கவில்லை போலும்.

குறளில் 'மருந்து' அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. செரித்த பின் உண்பது, அளவறிந்து உண்பது என்றே பெரும்பகுதி செல்கிறது. கடைசிக் குறள் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன் என நால்வகையைச் சொல்லி முடிகிறது. மரபு மரபு என்பவர்கள் இந்த மரபை ஏன் அனுப்பிவைப்பதில்லை?

"குடித்தால் நட்டம் என்ன?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நட்டம் உண்டு. 2021-இல், கொரோனாக் காலத்தில் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த ஆண்டு பல நகரங்களின் மருத்துவமனைகளிலிருந்து 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. எண்ணற்றோர் குடித்ததில் இது சிறு எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இயற்கை' என்ற சொல் அந்தச் சிறு எண்ணையும் கேட்கவிடாமல் அடைத்துவிடுகிறது. எருக்கம்பாலும் இயற்கைதான்.

அன்றாடப் பழக்கம் என்றால் உண்மையான பழக்கங்களைப் பேசுவோம். நள்ளிரவு தாண்டிப் படகை இறக்குகிறவன் எப்போது தூங்குவான்? தூக்கம் கெட்ட உடலுக்கு மூச்சுப்பயிற்சி ஈடாகுமா? காரைக்கால் புதுவை ஆட்சிப்பகுதி. மதுவின் மலிவு அண்டை மாவட்டத்தாரும் அறிந்தது. மிகுந்த குடி எதிர்ப்பாற்றலைக் குலைக்கும். குடியோடு புகையும் சேர்ந்தால் காசநோய்க்கு வாசல் திறந்ததுபோல. இவ்வளவு வெளிப்படையான ஒன்றைப் பற்றிப் பட்டியலில் ஒரு சொல் இல்லை. தடுப்பூசியைப் பற்றியும் இல்லை. ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காண உடலுக்குக் கற்றுத்தரும் வழி அதுதான். எதிர்ப்பாற்றலைப் பேசவந்த பட்டியல் முதலில் அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அத்தைக்கு எழுதிய பதிலை இங்கே தருகிறேன்: "அத்தை, ரசம் வையுங்கள், மஞ்சளும் போடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கழிப்பிடம் போய்வந்தாலும், அடுப்பங்கரைக்குள் நுழையுமுன்பும் சோப்பால் கை கழுவுங்கள். குழாய்த் தண்ணீரில் நாற்றம் வந்தாலோ நிறம் மாறினாலோ தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போங்கள். எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்."

இரவு பதில் வந்தது. "போன மாசமே போயிட்டு வந்தாச்சு ராசா. பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க."